மௌனம் யாருக்குச் சம்மதம்?

கேள்வி இது: "சட்டம் இயற்றுவது, வரி போடுவது, அரசையே கவிழ்ப்பது என்று எல்லா அதிகாரமும் சட்டமன்றத்திடம் இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான நாடுகளில் அரசு நினைத்ததுதான் நடக்கிறது. ஏட்டில் இவ்வளவு பெரிய சட்டமன்றம் நடப்பில் ஏன் இப்படிச் சிறுத்துப்போகிறது?"

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் கட்சிக் கட்டுப்பாடு. நாடாளுமன்ற முறையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவரே பிரதமர். அவரைக் கேள்வி கேட்க வேண்டிய உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அவர் கட்சிக்காரர்கள். கொறடா உத்தரவு வந்தால் கை தானாக உயரும். இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பெரும்பான்மையே இல்லாத அரசுகளும் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. அதிபர் முறை நாடுகளில் இரு அவைகளும் சேர்ந்து எதிர்த்து வாக்களித்த பிறகும் அதிபரின் ஆணை அசையாமல் நிற்பதுண்டு. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த நாட்டின் அரசமைப்பை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: யாருமே எதுவுமே செய்யாவிட்டால் அங்கே என்ன நடக்கும்? ஏனென்றால் சட்டமன்றம் என்பது பல நூறு பேர். அது ஒன்றைச் செய்ய வேண்டுமானால் கூட்டம் கூட்டப்பட வேண்டும், பொருள் அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டும், பேசி முடிக்க வேண்டும், வாக்கெடுக்க வேண்டும். பல இடங்களில் இன்னோர் அவையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நிர்வாகத்துக்கோ ஒரு கையெழுத்து போதும். ஆகவே எந்த விதி "சட்டமன்றம் தடுக்காவிட்டால் செல்லும்" என்று எழுதப்பட்டிருக்கிறதோ, அங்கே நிர்வாகம் வெல்லும். எது "சட்டமன்றம் ஒப்புக்கொள்ளாவிட்டால் செல்லாது" என்று எழுதப்பட்டிருக்கிறதோ, அங்கே நிர்வாகம் வாசலில் வந்து நிற்கும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். யாருடைய மௌனம் எதற்குச் சம்மதம் என்பதில்தான் இந்தச் சண்டையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

பிரிட்டனைப் பாருங்கள். நாடாளுமன்றம் சட்டத்தின் எலும்புக்கூட்டை நிறைவேற்றும். அதற்குச் சதை வைக்கும் விதிகளையும் ஆணைகளையும் அமைச்சர்கள் எழுதுவார்கள். அவற்றில் பெரும்பாலானவை எதிர்மறை நடைமுறை என்ற வழியில் போகின்றன. அமைச்சர் கையெழுத்திட்டு அவையில் வைத்தால் போதும், 40 நாளுக்குள் ஏதேனும் ஓர் அவை ரத்துத் தீர்மானம் நிறைவேற்றாவிட்டால் அது அப்படியே நிலைத்துவிடும். சரி, ரத்து செய்ய வேண்டியதுதானே என்பீர்கள். அந்தத் தீர்மானத்தை விவாதிக்கக் கீழவையில் நேரம் ஒதுக்குவது யார்? அரசு. கீழவை இப்படி ஒன்றைக் கடைசியாக ரத்து செய்தது 1979இல், மண்ணெண்ணெய்க்கு இருந்த உச்சபட்சச் சில்லறை விலையை நீக்கும் ஓர் ஆணையை. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஆணைகள் கீழவையின் முன் வந்துபோயிருக்கின்றன, ஒன்றுகூட அங்கே விழவில்லை. உறுப்பினர்கள் எல்லாவற்றையும் படித்துப் பார்த்து மெச்சினார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை.

நிகழ்ச்சி நிரல் கையில் இருப்பது எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது 2019இல் அங்கே வெளிப்படையாகத் தெரிந்தது. அரசின் அலுவலுக்கே முன்னுரிமை என்ற நிலையியல் விதியை அன்றைக்கு மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் பிரெக்சிட் தொடர்பாகத் தங்கள் மசோதாவைத் தாங்களே எடுத்துக்கொண்டனர் உறுப்பினர்கள். ஏப்ரல் 3ஆம் தேதி கீழவையில் அது 313க்கு 312 என்று ஒரே ஒரு வாக்கில் தேறியது. சில மாதம் கழித்து அரசு அவையையே ஐந்து வாரம் முடக்கிவைக்க முயன்றதும், செப்டம்பர் 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்து அது செல்லாது என்றதும் இதே சண்டையின் தொடர்ச்சி. கூடவே முடியாத அவை எதையும் தடுக்க முடியாது அல்லவா?

இனி பணம். இதில்தான் வரலாறு மிக அடர்த்தியாகக் கிடக்கிறது.

இங்கிலாந்தில் முதலாம் சார்லஸ் 1629 முதல் 11 ஆண்டு நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். கப்பல் வரி என்று பழைய பெயரில் புதிய வசூல் செய்து சமாளித்தார். ஸ்காட்லாந்தோடு போர் மூண்டபோது அந்தப் பணம் போதவில்லை. 1640இல் நாடாளுமன்றத்தை அழைக்க வேண்டியதாயிற்று, அங்கிருந்து உள்நாட்டுப் போர்வரை போயிற்று. இதிலிருந்து பாடம் கற்றவர்கள் 1689இல் இரண்டு பூட்டுப் போட்டார்கள். நாடாளுமன்றம் ஒப்பாமல் வரி இல்லை. நாடாளுமன்றம் ஒப்பாமல் அமைதிக் காலத்தில் நிலையான படையும் இல்லை. படையின் ஒழுங்கைக் காக்கும் சட்டத்துக்குக் குறுகிய ஆயுள் கொடுத்து, மறுபடி மறுபடி புதுப்பிக்கும்படி வைத்தார்கள். அவை கூடாவிட்டால் படையைக் கட்டுக்குள் வைக்கச் சட்டமே இருக்காது. சும்மா இருந்தால் மன்னருக்கு நஷ்டம் என்று ஆக்கினார்கள். வருடந்தோறும் நாடாளுமன்றம் கூடுவது அதன்பின் வழக்கமாயிற்று. மன்னர் திருந்திவிட்டதால் வந்த வழக்கம் அல்ல அது.

இதற்கு நேர்மாறான கதை, பின்னாளில் ஜெர்மனியின் பகுதியான பிரஷ்ய முடியரசில் நடந்தது. 1862இல் படைச் சீரமைப்புக்கான பணத்தைக் கீழவை மறுத்தது. புதிதாகப் பிரதமராக வந்த பிஸ்மார்க் ஒரு வாதம் வைத்தார். பட்ஜெட்டுக்கு மன்னர், மேலவை, கீழவை மூவரும் ஒத்துப்போக வேண்டும் என்று அரசமைப்பு சொல்கிறது. ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. அங்கே ஓர் இடைவெளி இருக்கிறது. அரசு இயந்திரம் நிற்க முடியாது, ஆகவே அந்த இடைவெளியை நிரப்புவது மன்னரின் கடமை. இதை இடைவெளிக் கோட்பாடு என்றே அழைத்தார்கள். நான்கு ஆண்டு நிறைவேறாத பட்ஜெட்டோடு வரி வசூலித்தார், செலவழித்தார், போரும் நடத்தினார். 1866இல் ஆஸ்திரியாவை வென்று திரும்பியதும், நடந்ததை எல்லாம் பின்னோக்கிச் செல்லத்தக்கதாக்கும் சட்டத்தை அதே அவை பெரும்பான்மையோடு நிறைவேற்றிக் கொடுத்தது. எழுதாமல் விட்ட ஒரு வரி ஒரு நாடாளுமன்றத்தின் முதுகெலும்பை எப்படி உடைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

1889இல் ஜப்பானியர் தங்கள் அரசமைப்பை எழுதியபோது இந்த இடைவெளியை வேண்டுமென்றே அடைத்தார்கள். பட்ஜெட் நிறைவேறாவிட்டால் முந்தைய ஆண்டின் பட்ஜெட்டே செல்லும் என்று 71ஆம் பிரிவில் எழுதினார்கள். நாடாளுமன்றம் பல் இல்லாமல் போகும் என்பது கணக்கு. கணக்கு தப்பியது. கப்பற்படை, இரயில் பாதை என்று செலவு வருடா வருடம் ஏறிக்கொண்டே போனது. போன ஆண்டுத் தொகையில் எந்த அமைச்சரவையாலும் ஓட்ட முடியவில்லை. கூடுதல் பணத்துக்காகக் கட்சிகளோடு பேரம் பேச வேண்டியதாயிற்று, கட்சிகள் அதில் வளர்ந்தன. இன்றும் பழைய பட்ஜெட் நீடிக்கும் முறை பல நாடுகளில் உண்டு. ஸ்பெயினில் 2023க்கு நிறைவேறிய பட்ஜெட்டே 2024, 2025 ஆண்டுகளுக்கும் நீண்டது. பெரும்பான்மை இல்லாத அரசு பட்ஜெட்டே நிறைவேற்றாமல் இப்படிக் காலம் தள்ள முடிகிறது. விலைவாசி ஏற ஏற அதே தொகை சுருங்கும் என்பதால் நெருக்கடி மெதுவாக வரும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர். பணம் ஒதுக்கும் சட்டம் இல்லையென்றால் அலுவலகக் கதவு சாத்தப்படும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: இப்படி மூடச் சொல்வதாகக் கருதப்படும் சட்டம் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நூறாண்டுக்கு மேல் அதை யாரும் அவ்வளவு கறாராகப் படிக்கவில்லை. நிதி இடைவெளி வந்தாலும் அலுவலகங்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1980இல் அட்டர்னி ஜெனரலாக, அதாவது அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி, பணம் இல்லாமல் வேலை நடந்தால் அது சட்டமீறல் என்று கருத்துரை கொடுத்தார். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்பது தலைகீழாக மாறிவிட்டது. 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாள், 2025இல் 43 நாள் என்று போனதற்கெல்லாம் ஊற்றுக்கண் அந்தக் கருத்துரைதான்.

பணத்தை ஒதுக்கிய பிறகும் சண்டை முடிவதில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கிய தொகைகளை அதிபர் நிக்சன் செலவழிக்க மறுத்தார். அதனால் 1974இல் ஒரு சட்டம் வந்தது. ஒதுக்கீட்டை ரத்து செய்ய விரும்பினால் அதிபர் காங்கிரசிடம் கேட்கலாம், 45 நாளுக்குள் காங்கிரஸ் ஒப்புக்கொள்ளாவிட்டால் பணத்தை விடுவித்தே ஆக வேண்டும். மௌனம் காங்கிரஸ் பக்கம். ஆனால் நிதியாண்டு செப்டம்பர் 30இல் முடிகிறது. அதற்கு 45 நாள்கூட இல்லாதபோது கோரிக்கை அனுப்பினால்? கெடு முடிவதற்குள் ஆண்டு முடிந்து ஒதுக்கீடே காலாவதியாகிவிடும். 2025 ஆகஸ்ட் இறுதியில் டிரம்ப் அரசு 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவித் தொகைக்கு இதைத்தான் செய்தது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் பணத்தை அப்போதைக்கு நிறுத்திவைக்க இடம் கொடுத்தது. நாள்காட்டியை வைத்தே மௌனத்தைப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

மசோதாவுக்கு ஒப்புதல் தருவதிலும் இதே கதை. அமெரிக்க அதிபர் ஒரு மசோதாவை ஞாயிறு நீங்கலாக 10 நாள் கையெழுத்திடாமல் வைத்திருந்தால் அது தானே சட்டமாகிவிடும். அதற்குள் காங்கிரஸ் கூட்டத்தொடரை முடித்துக்கொண்டு போய்விட்டால் மட்டும் அது செத்துவிடும். இந்திய அரசமைப்பு இங்கே கெடு எதுவும் வைக்கவில்லை. 1986இல் அஞ்சல் திருத்த மசோதாவைக் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்பவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை, அப்படியே வைத்துக்கொண்டார். ஆளுநர்கள் விஷயத்தில் இது பெரிய வழக்காக வளர்ந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, தமிழ்நாடு ஆளுநரிடம் தேங்கிய 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதி அமர்வு, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் வழக்கத்துக்கு அரசமைப்பில் இடமில்லை, நீதிமன்றம் கெடு விதிக்கவும் முடியாது, ஆனால் காரணமின்றி முடிவில்லாமல் இழுத்தடித்தால் முடிவெடுக்கும்படி பணிக்கலாம் என்றது. என் கருத்தைக் கேட்டால், மக்கள் தேர்ந்தெடுத்த அவை நிறைவேற்றிய மசோதாவுக்கு முன்னால் காலவரம்பில்லாத மௌனத்தை அனுமதிப்பது அரசமைப்பின் குறை. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

அவசரச் சட்டத்தில் அதே அரசமைப்பு மிகக் கவனமாக இருந்தது. அவை மீண்டும் கூடி ஆறு வாரத்துக்குள் நிறைவேற்றாவிட்டால் அவசரச் சட்டம் காலாவதி. மௌனம் சட்டமன்றத்தின் பக்கம். பீகார் அரசு கண்டுபிடித்த வழி எளிமையானது: காலாவதியாகும் நேரத்தில் அதையே மறுபடி பிறப்பித்துவிடுவது. 1967க்கும் 1981க்கும் இடையே 256 அவசரச் சட்டங்கள், சில 14 ஆண்டுவரை உயிரோடு இருந்தன. புனேயில் கோகலே நிறுவனத்தில் இருந்த டி.சி. வாத்வா என்ற பொருளியல் அறிஞர் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத் தொகுத்து, உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். 1986இல் நீதிமன்றம் இதை அரசமைப்பின் மீதான மோசடி என்றது. அரசிதழ்களைப் புரட்டிப் பார்க்க ஓர் ஆள் இல்லாதிருந்தால் அந்தப் பழக்கம் எவ்வளவு காலம் ஓடியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இப்போது ஒரு தனிமனிதர் கதை. ஜகதீஷ் ராய் சட்டா கென்யாவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர், பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு அமெரிக்காவில் படிக்க வந்தவர். விசா முடிந்தபோது ஏற்க எந்த நாடும் முன்வரவில்லை. 1974இல் குடிவரவு நீதிபதி அவரை நாடு கடத்துவதை நிறுத்திவைத்தார். அன்றைய சட்டப்படி இப்படி நிறுத்திவைக்கப்பட்டவர்களின் பட்டியல் காங்கிரசுக்குப் போகும், ஏதேனும் ஓர் அவை மறுத்தால் அவர் வெளியேற வேண்டும். 1975 டிசம்பரில் 340 பேரில் ஆறு பேரை மட்டும் பிரதிநிதிகள் அவை மறுத்தது. விவாதம் இல்லை, பெயர்வாரி வாக்கெடுப்பும் இல்லை. அந்த ஆறில் சட்டா ஒருவர். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1983இல் ஏழுக்கு இரண்டு என்று அவர் வென்றார். ஓர் அவை மட்டும் கைதூக்கி நிர்வாகத்தின் முடிவை ரத்து செய்ய முடியாது, சட்டம் என்றால் இரு அவையும் நிறைவேற்றி அதிபரிடம் போக வேண்டும் என்பது தீர்ப்பு.

சட்டாவுக்கு நியாயம் கிடைத்தது, அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதே வகை ரத்து அதிகாரம் ஏறக்குறைய 200 சட்டங்களில் இருந்தது. அவற்றில் ஒன்று 1976ஆம் ஆண்டின் தேசிய நெருக்கடிநிலைச் சட்டம். அதிபர் அறிவித்த நெருக்கடிநிலையை இரு அவையும் சாதாரணப் பெரும்பான்மையில் முடித்துவைக்கலாம் என்று அதில் இருந்தது. தீர்ப்புக்குப் பிறகு அந்தத் தீர்மானமும் அதிபரின் கையெழுத்துக்குப் போக வேண்டும் என்று ஆயிற்று. தன் ஆணையை ரத்து செய்யும் தீர்மானத்தில் எந்த அதிபர் கையெழுத்துப் போடுவார்? 2019இல் எல்லைச் சுவருக்காக டிரம்ப் நெருக்கடிநிலை அறிவித்தபோது இரு அவையும் எதிர்த்து வாக்களித்தன. அவர் வீட்டோ செய்தார், அதாவது ஒப்புதல் மறுத்துத் திருப்பி அனுப்பினார். அதை மீற முயன்று கீழவையில் கிடைத்தது 248க்கு 181. பெரும்பான்மைதான், ஆனால் மூன்றில் இரண்டு இல்லை. நிர்வாகத்துக்குக் கடன் கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப வாங்க, கொடுத்தபோது தேவைப்பட்டதைவிட அதிக ஆள்பலம் வேண்டும் என்ற நிலை அன்று வந்தது, இன்றும் இருக்கிறது.

நம்பிக்கையில்லாத் தீர்மானம்தான் சட்டமன்றத்தின் கடைசி ஆயுதம் என்கிறோம். அதிலும் மௌனத்தை எண்ணும் முறை உண்டு. பிரான்சில் அரசமைப்பின் 49.3 பிரிவை அரசு எடுத்தால் மசோதா வாக்கெடுப்பில்லாமலே நிறைவேறியதாகக் கருதப்படும், நம்பிக்கையில்லாத் தீர்மானம் வென்றால் மட்டும் விழும். அந்தத் தீர்மானத்தில் ஆதரவு வாக்குகளை மட்டுமே எண்ணுவார்கள். வராதவர், நடுநிலை வகித்தவர் எல்லாம் அரசின் கணக்கில். 2023 மார்ச்சில் ஓய்வு வயதை 62இலிருந்து 64ஆக்கும் மசோதா இப்படித்தான் தேறியது: தேவை 287, கிடைத்தது 278. அதே பிரிவைக் கையில் எடுத்த பிரதமர் மிஷெல் பார்னியே 2024 டிசம்பரில் 331 வாக்கில் கவிழ்ந்தார். 1962க்குப் பிறகு அப்படிக் கவிழ்ந்த முதல் அரசு அது.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே. அடுத்த தலைமை அமைச்சர் யார் என்று தேர்ந்தெடுத்தால்தான் இப்போதிருப்பவரை நீக்க முடியும். 1932 செப்டம்பரில் நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒன்றாக வாக்களித்து 512க்கு 42 என்று அரசின் மீது நம்பிக்கையில்லை என்றார்கள். ஆனால் அடுத்து யார் என்பதில் அவர்களுக்குள் எந்த ஒற்றுமையும் இல்லை. அந்த அனுபவத்துக்குப் பின் எழுதிய விதி இது. 1972 ஏப்ரலில் அன்றைய தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட் மீது இது முதல்முறை வந்தபோது ஆளும் கூட்டணி உறுப்பினர்கள் பெரும்பாலோர் இருக்கையை விட்டு எழவே இல்லை. எதிர்த்தரப்புக்கு 249 தேவை, 247 விழுந்தது. உட்கார்ந்தபடியே வென்றார்கள். நிலையான ஆட்சிக்காக இந்த விலை கொடுப்பது எனக்கு ஏற்புடையதே. வழக்கமான ஆட்சியில் மௌனம் அரசின் பக்கம் சாய்ந்திருப்பதில் பெரிய ஆபத்தில்லை.

ஆபத்து எல்லாம் துப்பாக்கியும் சிறையும் சம்பந்தப்பட்ட இடத்தில். அங்கே சட்டமன்றம் வாய் திறக்க எத்தனை பேர் போதும், எத்தனை மணி நேரம் போதும் என்பதே கேள்வி. தென்கொரியாவின் 1987 அரசமைப்பு 77ஆம் பிரிவு, ராணுவச் சட்டத்தை, அதாவது ராணுவத்தின் கையில் அதிகாரம் கொடுக்கும் நிலையை, நீக்கும்படி மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல் கேட்டால் அதிபர் நீக்கியே ஆக வேண்டும் என்கிறது. வீட்டோ இல்லை, இன்னோர் அவை இல்லை, 300இல் 151 போதும். 2024 டிசம்பர் 3 இரவு பத்தரை மணியளவில் அதிபர் யூன் சொக் யோல் தொலைக்காட்சியில் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். போலீசார் நாடாளுமன்ற வாசலை மறித்தார்கள், ஹெலிகாப்டரில் படை இறங்கியது. ஏன் அங்கே முதலில் படை போனது என்று இப்போது உங்களுக்கே விளங்கும்: 151 பேர் ஒரு கூரையின் கீழ் சேரக்கூடாது. சபாநாயகர் வூ வொன்-சிக் 67 வயதில் சுற்றுச்சுவர் ஏறிக் குதித்தார். பல உறுப்பினர்களும் அப்படியே உள்ளே வந்தார்கள். வீரர்கள் ஜன்னலை உடைத்து நுழைந்தபோது உதவியாளர்கள் நாற்காலிகளையும் மேசைகளையும் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். சீக்கிரம், சீக்கிரம் என்று அவையில் கூச்சல். நடைமுறையில் ஒரு பிழையும் வரக்கூடாது என்று சபாநாயகர் காத்திருந்தார். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு வாக்கெடுப்பு நடந்தது. வந்து சேர்ந்திருந்த 190 பேரும் நீக்கக் கோரி வாக்களித்தார்கள், எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. படைகள் கட்டடத்தை விட்டு வெளியேறத் தொடங்கின. விடியுமுன் நாலரை மணிக்கு ராணுவச் சட்டம் விலக்கப்பட்டது.